இருபத்தெட்டு வண்டிகளும் ஒரு வாக்கியமும்

நாற்பத்தொன்பது மணி நேரமும் நாற்பது நிமிடமும் மீதம் இருந்தன. புதன்கிழமை பதினோரு மணிக்குத் தணிக்கைக் குழு கூடி அரையாண்டுக் கணக்குக்குத் தலையாட்டும். மதியத்துக்குள் அது அச்சாகி வெளியே போய்விடும். திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அவள் அந்தக் கணக்கின் இரண்டாம் குறிப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘இந்த அரையாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய கணக்கியல் தரநிலைகளால் நிறுவனத்துக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை.’

பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ஏழு ஆண்டுகளாக அதே வாக்கியம், காற்புள்ளிகூட மாறாமல். ஒவ்வொரு அரையாண்டிலும் யாரோ ஒருவர் போன முறையதை எடுத்து அப்படியே ஒட்டுவார். மின்தூக்கியில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்குமே, அதைப் போல எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. அதில் தப்பும் இருக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக அது உண்மைதான்.

இந்த முறை உண்மை இல்லை. அது அவளுக்கு மூன்று நாளாகத் தெரியும்.

அவள் படித்தது விலங்கியல். ஆய்வகத்தில் வேலை கேட்டு விண்ணப்பம் போட்டாள். அங்கே இடம் இல்லை, கணக்குப் பிரிவில் இருக்கிறது, வருகிறாயா என்றார்கள். வந்து பதினோரு மாதம் ஆகிறது. கணக்குத் தேர்வில் பாதித் தாள்களைத் தேறியிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘ஜூவாலஜி’. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பாள். கூட்டங்களில் அவள் குரலைக் கேட்டவர் யாரும் இல்லை.

நிறுவனத்தின் தொழில் கோழிக்குஞ்சு பொரிப்பது. நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பொரிப்பகம். அங்கே பொரியும் குஞ்சுகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுபோக இருபத்தெட்டு வண்டிகள். வண்டிகள் இவர்களுடையவை அல்ல. ஒரு வண்டி முதலாளியோடு ஐந்து ஆண்டுக்குப் போட்ட ‘போக்குவரத்துச் சேவை ஒப்பந்தம்’. மாதாமாதம் பில் வரும், மாதாமாதம் செலவில் எழுதுவார்கள். முடிந்தது கதை.

புது விதி அங்கேதான் வந்து மூக்கை நுழைத்தது. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று அது கேட்கவில்லை. அடுத்தவர் பொருளை ஆண்டுக்கணக்காக உன் பிடியில் வைத்திருக்கிறாயா? அப்படியானால் அது குத்தகை, இனிமேல் கொடுக்க வேண்டியது முழுவதையும் இன்றைக்கே கடனாகக் காட்டு என்றது. பிடியில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு கேள்வியும் வைத்திருந்தது. சொந்தக்காரர் நினைத்த நேரத்தில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை நிறுத்த முடியுமா? முடியும் என்றால் சேவை. முடியாது என்றால் குத்தகை.

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு, வண்டி முதலாளி எந்த வண்டியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுத் தொடக்கத்தில் ஆறு பக்கத்துக்கு ஒரு குறிப்பு தயாரானது. மாற்ற முடியும், ஆகவே குத்தகை இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை. எழுதியவள் அவள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து. அதைப் படித்துவிட்டு நிதி மேலாளர் மேசையைத் தட்டி, “பாத்தீங்களா, எங்க ஜூவாலஜி கோழியை மட்டுமில்ல, சட்டத்தையும் அறுத்துப் பாக்குது” என்று பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இரண்டு நாள் அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

போன வெள்ளிக்கிழமை மேசைக்கு ஒரு சீட்டு வந்தது. சின்னச் சீட்டு, இழப்புக் கணக்கில் சேர்ப்பதற்காக. ‘பத்தொன்பதாம் எண் வண்டி பழுது. மாற்று வண்டி இல்லாததால் 11,200 குஞ்சு கழிவு.’

அவள் அதை மூன்று முறை படித்தாள். எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய வண்டிக்கு எப்படி மாற்று இல்லாமல் போகும்?

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. இருபத்தெட்டு வண்டிகளுக்கும் ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஆண்டுகளின் வாடகையைக் கூட்டி, இன்றைய மதிப்புக்குக் குறைத்து, தாளில் எழுதினாள். திங்கட்கிழமை காலை அந்த வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘இது சரியில்லை. வண்டிகளைச் சேர்க்க வேண்டும்’ என்று எழுதி, கோப்பை உள்ளே அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் நிதி மேலாளர் கூப்பிட்டார்.

“என்ன ஜூவாலஜி, ஓரமெல்லாம் எறும்பு ஊருது?”

“பதினாலாம் பிரிவு சார். வண்டியை மாத்தலாம்னு இருக்கு. ஆனா மாத்தினதே இல்ல சார்.”

“மாத்தினாங்களான்னா விதி கேக்குது? மாத்த முடியுமான்னுதானே கேக்குது. முடியும்னு ஆறு பக்கம் எழுதியிருக்கு. யார் எழுதினது?”

“நான்தான் சார்.”

“சரி, உக்காரு.” அவர் குரல் இறங்கியது. கெட்ட மனிதர் அல்ல. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் விசாரிப்பவர் அவர்தான். “வங்கிக்கு என்ன வாக்கு கொடுத்திருக்கோம்? கடன் சொந்தப் பணத்துல ரெண்டு மடங்கைத் தாண்டாதுன்னு. இப்ப எங்க நிக்குது?”

“ஒண்ணே முக்கால் சார்.”

“உன் வண்டியெல்லாம் ஏத்தினா?”

“ரெண்டே கால்.”

“அடுத்த வாரம் ரெண்டாவது பொரிப்பகத்துக்குக் கடன் கையெழுத்தாகுது. இருநூறு பேருக்கு வேலை. அதை நீ ரெண்டு வரியில கவுத்துடுவ. நான் வேணாம்னா சொல்றேன்? இது வெறும் அரையாண்டும்மா. வருஷக் கடைசியில பாத்துக்கலாம். அப்பதான் ஆடிட்டர் பூதக்கண்ணாடியோட வருவார். இப்ப வந்து நாலு கேள்வி கேப்பார், காபி குடிப்பார், போயிடுவார்.”

“புது விதி வருஷத்தோட முதல் நாள்லேருந்து சார். அரையாண்டும் அதுக்குள்ளதான் இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து மேலே வைத்தார். அவளுடைய நிரந்தர வேலை உத்தரவு. “வியாழக்கிழமை கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன்” என்றார். பிறகு கோப்பை இழுத்து, அழிப்பானால் அவள் எழுதியதைப் பொறுமையாக, ஒரு எழுத்து மிச்சம் இல்லாமல் அழித்தார். தூளை ஊதினார். கோப்பை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் இடத்துக்கு வந்து பேனாவை எடுத்தாள். அழித்த இடத்தில், தாள் மெலிந்து போயிருந்த அதே இடத்தில், அதே வரியை மையால் எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். மெலிந்த தாளில் மை ஊறி எழுத்து கொஞ்சம் தடித்தது. பரவாயில்லை, படிக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்குத் துணிகளைப் பிரித்துத் திருத்தித் தைக்கும் வேலை. இரண்டு அறை வீடு, வாடகை ஆளுக்குப் பாதி.

“மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எவனாவது திட்டினானா?”

அவள் சொன்னாள். வண்டி, விதி, உறை, அழிப்பான் எல்லாம். ஒன்றை மட்டும் அக்காவிடமும் சொல்லவில்லை.

அக்கா நூலைக் கடித்துத் துப்பினாள். “இன்னிக்கு ஒரு ஆள் வந்தார். கால்சட்டையை இடுப்புல நாலு இஞ்ச் விரிச்சுக் கொடுன்னார். கொடுத்தேன். உள்ள இருக்கிற முப்பத்திரண்டுங்கிற சீட்டை மட்டும் எடுக்காதேன்னார். எடுக்கல.”

“அது தப்பில்லையா?”

“இடுப்பு என்னுதா? அவருக்கு முப்பத்திரண்டா இருக்கணும்னு ஆசை, இருந்துட்டுப் போறார்.” அக்கா துணியைத் திருப்பினாள். “ஆனா, ‘இது முப்பத்திரண்டுதான், நான் அளந்தேன்’னு என் பேரைப் போட்டு எழுதித் தரச் சொல்லியிருந்தா, கால்சட்டையை அவர் தலையிலேயே மாட்டி அனுப்பியிருப்பேன்.”

அவள் சிரித்துவிட்டாள்.

“சிரி, சிரி. வேலை போச்சுன்னா முழு வாடகையும் என் தலையில. அதையும் யோசி.” அக்கா மறுபடி இயந்திரத்தை மிதித்தாள். “யோசிச்சிட்டு, உனக்கு எப்படித் தோணுதோ செய். வாயைத் திறந்தா முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது.”

செவ்வாய்க்கிழமை அவள் அலுவலகம் போகவில்லை. ஊழியர் பேருந்தில் ஏறிப் பொரிப்பகத்துக்குப் போனாள்.

வாசலிலேயே நிறுத்தினார்கள். பொரிப்பகத்துக்குள் யார் போனாலும் வாசல் அறையில் தலையோடு குளித்துவிட்டு, சொந்த உடுப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, அங்கே கொடுக்கும் உடையைத்தான் போட வேண்டும். மேலாளரானாலும் சரி, கால்நடை மருத்துவரானாலும் சரி. வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே போனால் லட்சம் குஞ்சுகள் ஒரே நாளில் காலி. ஏன் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் அதைத்தான் படித்தாள்.

வாசல் அறையைப் பார்த்துக்கொண்ட அம்மாள் துண்டையும் பச்சை அங்கியையும் நீட்டினார். “தோட்டைக் கழட்டுங்க. கண்ணாடியை இந்த மருந்துல முக்குங்க. முதல் தடவையா வர்றீங்களா?”

“சோப்பு எங்க இருக்குங்க?” என்றாள் அவள்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் கதவு கீழே ஒரு முழம் தூக்கி இருந்தது. வெளியே இரண்டு பெண்கள் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்து நின்று, குளிர்ந்த தண்ணீரை மளமளவென்று ஊற்றிக்கொண்டாள். ஆறு நிமிடம். அங்கி இரண்டு பேர் நுழையும் அளவுக்கு இருந்தது. ஈரத்தலையும் சுருட்டிவிட்ட கையுமாக வெளியே வந்தபோது யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் அதே கோலத்தில்தான் இருந்தார்கள்.

ஏற்றும் மேடையில் பத்தொன்பதாம் எண் வண்டி நின்றது. பழுது பார்த்தாகிவிட்டது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள், பற்றவைத்து இறுக்கியவை. ஒவ்வொரு அடுக்கிலும் குஞ்சுப் பெட்டிகள் ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் பொருந்தின. அவள் அளவு நாடாவை எடுத்தாள்.

“தங்கச்சி யாரு, கம்பெனி ஆளா?”

“கணக்குப் பிரிவு அண்ணே. இந்த வண்டி பழுதானப்ப ஏன் வேற வண்டி வரல?”

“எங்கேருந்து வரும்?”

“உங்க முதலாளிகிட்ட வேற வண்டி இல்லையா?”

“அறுபது இருக்கு. காய்கறி ஏத்துற வண்டி, சிமெண்டு ஏத்துற வண்டி. அதுல ஒண்ணை இந்த வாசல்ல கொண்டாந்து நிறுத்தினா டாக்டரம்மா என் தோலை உரிச்சு வாசல்லயே காயப் போட்டுடுவாங்க.” அவர் விரலை மடக்கினார். “அடுக்கு பத்தவைக்கணும். காத்து உள்ள வர மெஷின் மாட்டணும். அப்புறம் மருந்தடிச்சு மூணு நாள் மூடி வைக்கணும். அப்புறம் டாக்டரம்மா பஞ்சால துடைச்சு ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. நல்லதுன்னு சீட்டு வரணும். குஞ்சு அதுவரைக்கும் முட்டைக்குள்ள திரும்பிப் போயி உக்காந்துக்குமா?”

இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைக்கும். உடைத்தால் உடைத்ததுதான். அது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

“ஒப்பந்தம் போட்டதிலேருந்து ஒரு தடவையாவது மாத்தியிருக்காங்களா?”

“வந்த இருபத்தெட்டும் அப்படியேதான் இருக்கு. நம்பர் பலகையைப் பாத்துக்க. எங்க முதலாளி ஆசைப்பட்டாலும் இதை வேற எவனுக்கும் விட முடியாது. ஒரு கட்டிலை ஏத்தக்கூட உள்ள இடம் கிடையாது.”

“ஒப்பந்தத்துல பதினாலாம் பிரிவுல மாத்தலாம்னு இருக்கு அண்ணே.”

“அப்ப பதினாலாம் பிரிவை வந்து வண்டி ஓட்டச் சொல்லு.”

அவள் இருபத்தெட்டு எண் பலகைகளையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்போடு சரிபார்த்தாள். அடுக்குகளின் அளவையும் மருத்துவரின் மூன்று நாள் விதியையும் ஒரு பக்கத்தில் எழுதினாள். மாலையில் அலுவலகம் வந்து, அந்தப் பக்கத்தைக் கோப்பில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை கோப்பில் அந்தப் பக்கம் இல்லை. மையால் எழுதிய பக்கமும் இல்லை. அதே வாக்கியம், புதுத் தாளில், ஓரம் பளிச்சென்று வெறுமையாக.

மேலாளர் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். கோபமாக இல்லை. “நேத்து எங்க போயிருந்தன்னு எனக்குத் தெரியும். விட்டுட்டேன். கூட்டத்துல பின்னாடி உக்காரு. கேட்டா பேப்பரை நீட்டு. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்.”

தாள் என்று ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடலாம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் எழுதுவதைத்தான் அவள் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்ட அறையில் நீள மேசை, குளிரூட்டியின் சத்தம், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. குழுவில் மூன்று பேர். தலைவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். படிக்கும்போது உதடு அசையும். எதையும் நுனிப்புல் மேய்வதில்லை என்று பெயர். எதிர்ப்பக்கம் வெளித் தணிக்கையாளர். அவருடைய முடிவும் ஒரு வாக்கியம்தான். அரையாண்டில் அவர் தோண்டிப் பார்ப்பதில்லை. கேட்கிறார், சொன்னதை ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவ்வளவே. அந்த வாக்கியத்தை அவர் வாசித்தார்.

“இந்த அரையாண்டுக் கணக்கு, விதிகளின்படி தயாரிக்கப்படவில்லை என்று நம்ப வைக்கும் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை.”

“நல்லது” என்றார் தலைவர். “அடுத்தது.”

சுவரோரம் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். தான் எழுந்து நிற்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

“கவனத்துக்கு வராத ஒண்ணு இருக்கு மேடம்.”

மேலாளர் மெல்ல, “ஜூவாலஜி, உக்காரும்மா” என்றார்.

“உக்கார மாட்டேன் சார்.” தலைவர் பக்கம் திரும்பினாள். “ரெண்டாம் குறிப்பு தப்பு. குஞ்சு ஏத்துற இருபத்தெட்டு வண்டியும் குத்தகை. அதையெல்லாம் மாத்த முடியாது. அடுக்கை அளந்தேன், நம்பரைச் சரிபார்த்தேன். வெளி வண்டி உள்ள வர நாலு நாளாவது ஆகும். கடன்ல சேர்த்தா ரெண்டே கால் மடங்கு வருது. எழுதி வெச்சேன், அந்தப் பக்கம் கோப்புல இப்ப இல்ல.”

தணிக்கையாளர் பேனா மூடியைத் திறந்தார்.

மேலாளர் சிரித்தார். நிதானமான சிரிப்பு. “மேடம், இதை எல்லாம் ஏழு மாசம் முன்னாடியே பாத்தாச்சு. ஆறு பக்கக் குறிப்பு இருக்கு. மாத்த முடியும்னு அதுல தெளிவா இருக்கு. எழுதினதே இந்தப் பொண்ணுதான். வெறும் ஒப்பந்தத்தைப் படிச்சு எழுதல, நேர்ல போய்ப் பாத்து எழுதியிருக்கு. நாலாம் பக்கம்.”

தலைவர் கோப்பைத் திருப்பினார். உதடு அசைய வாசித்தார். “‘பொரிப்பகத்தை நேரில் பார்வையிட்டு, மாற்று வண்டிகளைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என உறுதி செய்யப்பட்டது.’ இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமா மேடம்.”

“அப்ப மாத்த முடியும்னு பாத்தீங்க. நேத்து முடியாதுன்னு பாத்தீங்க. எதை நான் நம்பணும்?”

மேலாளர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது கேலி இல்லை, ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரின் பொறுமை இருந்தது. “நடுவுல நிலைமை மாறியிருக்கலாம் மேடம்” என்றார் மெதுவாக. “மாறியிருந்தா அடுத்த கணக்குல பாத்துக்கலாம். யார் மேலயும் தப்பு இல்ல.”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் எழுதிய ஆறு பக்கமும் அப்படியே நிற்கும். உறையும் இழுப்பறையில் இருக்கும். வண்டிகள் மட்டும் இன்னும் ஆறு மாதம் கணக்குக்கு வெளியே ஓடும்.

“எதுவும் மாறல” என்றாள். “வண்டி அன்னைக்கும் இப்படித்தான் இருந்தது. நான்தான் அன்னைக்குப் போகல மேடம். உள்ள போகணும்னா வாசல்லயே குளிச்சு உடுப்பு மாத்தணும்னு சொன்னாங்க. வெக்கமா இருந்தது. மேசையிலேயே உக்காந்து, போய்ப் பாத்தேன்னு எழுதிட்டேன்.”